தலை திரும்பாத சாரதி

எங்கட பிள்ளைகள் நீங்கள் மூன்று பேர் இந்த வருடம் குதிரைப் பந்தய நடுவர் மாடத்துக்கு ஏறுகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். நான் அந்தப் படிகளில் ஏறத் தொடங்கிய எழுபதுகளில், ரொறன்ரோவில் இருந்த எங்கட ஆட்கள் எல்லாரையும் ஒரு பிறந்தநாளுக்கு அழைத்தால் ஒரு வீட்டு பேஸ்மென்றுக்குள் அடங்கிவிடுவார்கள். அப்படியான இடங்களில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் குதிரைப் பந்தயத் திடலில் என்று சொன்னால், கேட்டவர் குரலைத் தாழ்த்தி, "நீங்களும் காசு கட்டுறனீங்களோ?" என்பார். கட்டக்கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி என்று நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அவர் வடை எடுக்கப் போய்விடுவார்.

போன மாதம் பிக்கரிங்கில் உங்களில் ஒருத்தியின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. "அங்கிள், கவனயீனமா ஓட்டினவர் எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது? ரூல் புக்கில ஒரு வரிதானே இருக்கு?" நான் பதில் சொல்லத் தொடங்கவும் பாயாசம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். இது லோர்ன் என்ற ஒரு சாரதியின் கதை. அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் கதைத்ததை எனக்கு ஞாபகம் உள்ளபடி எங்கட தமிழில் சொல்கிறேன்.

நான் நடுவராக அங்கே போகவில்லை. கொழும்பில் படச்சுருள் கழுவும் ஒரு கூடத்தில் வேலை செய்தவன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், ஏரிக்கரைப் பக்கம் இருந்த அந்தத் திடலில் ஓட்டங்களை வீடியோ ரேப்பில், அதாவது ஒளிநாடாவில், பதிகிற அறையில் இடம் கிடைத்தது. நீங்கள் பார்ப்பதுபோல் அன்றும் அது குதிரை பூட்டிய இரண்டு சில்லு வண்டி ஓட்டம்தான். குதிரை துள்ளிப் பாயக்கூடாது, ஓட்டநடை மாறாமல் போகவேண்டும். சாரதி அதன் வாலுக்குப் பின்னால் கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் குதிரையைக் கிட்டப் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தையும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி ஓட்டிப் பார்த்து, எந்தச் சில்லு எந்தக் காலில் பட்டது என்று நடுவர்களுக்குச் சொல்லப் பழகிவிட்டேன். தலைமை நடுவர் ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நீ இதை மாடத்தில இருந்து பார்த்தால் என்ன?" என்றார். இரண்டு வருடத்தில் நான் மூன்றாவது நடுவர்.

அந்தத் தலைமை நடுவர் ஓட்டம் நடக்கும்போது உட்காரவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவரோடு மூக்கு முட்ட நிற்பார். விசாரணையில் மட்டும் உட்காருவார். கோபம் வந்தால் குரல் இறங்கும், ஏறாது. இரண்டாவது நடுவர் விதிப்புத்தகத்தைப் பக்க எண்ணோடு மனப்பாடமாக வைத்திருந்தவர். எங்கள் மூன்று பேருக்கும் முன்னால்தான் லோர்ன் அந்தப் பருவத்தில் திரும்பத் திரும்ப வந்து நின்றார்.

லோர்னுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். மெலிந்த உயரமான மனிதர். குதிரையைச் சவுக்கால் அடித்து நான் கண்டதில்லை. அவர் மேல் வந்த குற்றச்சாட்டு எப்போதும் ஒன்றுதான். உள்வேலியோரமாக ஒரு குதிரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பார். முந்துவதற்காக வலப்பக்கம் வெளியே வருவார். அங்கே ஏற்கனவே ஒரு குதிரை வந்துகொண்டிருக்கும். அதன் சாரதி கடிவாள வாரை இழுத்துப் பிடிக்க, அந்தக் குதிரை நடை குழம்பி ஓட்டத்தை இழக்கும். முதல் தரம் நடந்தபோது எச்சரித்தோம். பிறகு அபராதம் போட்டோம். அதற்குப் பிறகும் அபராதம்.

ஒவ்வொரு தரமும் அவர் வந்து இருப்பார், தொப்பியை மடியில் வைப்பார், "என்ர பிழைதான்" என்பார், போய்விடுவார். இரண்டு நிமிடம் எடுக்காது. தலைமை நடுவருக்கு அது பிடித்திருந்தது. மற்றச் சாரதிகள் குதிரையைச் சாட்டுவார்கள், மண்ணைச் சாட்டுவார்கள், காற்றைச் சாட்டுவார்கள். இவர் ஒருவர்தான் நேர்மையாக ஒத்துக்கொள்கிறார் என்று சொல்வார்.

எனக்கு அதுதான் உறுத்தியது. கவனயீனமான ஆட்களை நான் அதற்குள் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குக் கவனயீனம் ஒரு இடத்தில் மட்டும் நிற்காது. கடிவாளம் அழுக்காக இருக்கும், வண்டிச் சில்லில் காற்றுக் குறைந்திருக்கும், விசாரணைக்குப் பிந்தி வருவார்கள். லோர்னுடைய வார்கள் பளபளக்கும். ஒரு நிமிடம் பிந்தமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஏன் ஒரே ஒரு காரியத்தில், அதுவும் உயிருக்கு ஆபத்தான காரியத்தில், திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிறார்?

ஒருநாள் காலை, ஓட்டம் இல்லாத நேரம், பழைய அறைக்குப் போய் லோர்னுடைய குற்றங்கள் இருந்த ரேப்புகளை எடுத்துப் போட்டேன். முன்பு சில்லுகளைப் பார்த்த நான் இந்தத் தரம் ஆட்களைப் பார்த்தேன். மூன்றாவது தரம் ஓட்டும்போது ஒரு விசயம் கண்ணில் பட்டது. லோர்ன் வெளியே வருவதற்கு ஒரு கணம் முன்னால், முன்னால் போகிற சாரதியின் முகமும் நாடியும் வலப்பக்கம் சற்றுத் திரும்புகின்றன. பின்னால் வருகிறவர்களின் தலைகளும் அசைகின்றன. ஒரே நேரத்தில், யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல. லோர்னுடைய தலை மட்டும் அசையவில்லை. அடுத்த ரேப்பிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

தலைமை நடுவரிடம் கேட்டேன். "அந்த நேரம் எல்லாரும் ஏன் தலையைத் திருப்பினம்?"

"யாரோ கத்தியிருப்பான்."

"என்ன சொல்லிக் கத்துவினம்?"

அவர் யோசித்தார். எங்கள் ரேப்பில் ஒலி கிடையாது. மாடமோ மூன்று மாடி உயரத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. "நான் கீழ போய்க் கேட்டுப் பல வருசம்," என்றார் கடைசியில். "போய்க் கேட்டுப் பார்."

அடுத்த சனிக்கிழமைப் பகல் ஓட்டங்களில், நாலாவது ஓட்டத்துக்கு என்னை விடுவித்தார்கள். பாதையைக் கடந்து உள்வேலிக்கு உள்ளே போய், தூரத்துத் திருப்பத்தில் நின்றேன். ஏரிக் காற்று காதைக் குத்தியது. மேலேயிருந்து பார்க்கும்போது ஓட்டம் அமைதியாக வழுக்கிக்கொண்டு வருகிற ஒரு காட்சி. கீழே அது அப்படியில்லை. முதலில் குளம்புச் சத்தம் நிலத்தால் காலுக்குள் ஏறியது. அதற்கு மேலால் மனிதக் குரல்கள். அவர்கள் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார்கள்! "வெளியில வாறன்!" "பொறு, பொறு, இடமில்லை!" "என்ர சில்லைப் பார்!" "போ, நீ போ!" கொழும்புக் கோட்டை பஸ் நிலையத்தில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. நாங்கள் மேலே இருந்து ஊமைப்படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்தச் சத்தத்துக்குள் ஒன்றைக் கவனித்தேன். யாருக்கும் யாரும் பெயர் சொல்லிக் கத்தவில்லை. அதற்கு நேரமில்லை. ஒரே ஒரு பெயர் மட்டும் கேட்டது. "லோர்ன்! லோர்ன்! வெளியில!" வலப்பக்கமாக அவரை முந்த வந்த சாரதி பெயரை இரண்டு தரம் சொன்னதோடு நிற்காமல், சவுக்குப் பிடியால் தன் வண்டித் தண்டில் டக் டக் என்று தட்டினார். லோர்ன் உள்வேலியோடு அப்படியே ஒட்டிப் போனார். ஒரு பிசகும் நடக்கவில்லை.

ஓட்டம் முடிந்து லோர்ன் குதிரையை நடத்திக்கொண்டு வந்தபோது அவருக்கு வலப்பக்கத்தில் போய், "நல்ல ஓட்டம்," என்றேன். அவர் நேரே பார்த்தபடி நடந்தார். இன்னும் இரண்டு தரம் சொன்னேன். பிறகு குதிரையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் அதையே சொன்னேன். சட்டென்று திரும்பி, "ஓ, நன்றி, இஞ்ச கீழ என்ன செய்யிறீர்?" என்று சிரித்தார்.

நான் படிகளில் ஏறி ஓடினேன். தலைமை நடுவரிடம் நடந்ததை மூச்சு வாங்கியபடி சொன்னேன். "லோர்னுக்கு வலது காது கேக்காது. இண்டைக்கு அவருக்கு இன்னொரு ஓட்டம் இருக்கு. அவரை எடுத்துவிடுங்கோ."

"நீ காது வைத்தியனோ?" அவர் கேட்டது கேலியாக இல்லை. "ஒரு மனுசன் நீ சொன்னதுக்கு மறுமொழி சொல்லேல்லை. அதை வைச்சுக்கொண்டு நான் அவரை வண்டியால இறக்கலாமோ? என்ன காரணம் எண்டு எல்லாருக்கும் அறிவிக்கிறது? செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு அமைதியாக் கேப்பம்."

இதை நீங்கள் இரண்டு விதமாகவும் யோசித்துப் பாருங்கள். நான் இன்றுவரை யோசிக்கிறேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுபது குதிரைகள் ஓடுகிற ஒரு நாளின் நடுவில், ஒரு சந்தேகத்தை வைத்து ஒரு மனிதரின் தொழிலை நிறுத்துவது சின்ன விசயமில்லை.

லோர்னுடைய அடுத்த ஓட்டத்தில் அலன் என்றொருவர் இருந்தார். அத்திலாந்திக் கரையிலிருந்து வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. எங்கள் திடலில் யாரையும் அவருக்குத் தெரியாது. தூரத்துத் திருப்பத்தில் லோர்ன் உள்வேலியோரம் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கமாக அலன் ஏறி வந்தார். லோர்ன் வெளியே வந்தார். அலனின் வண்டிச் சில்லும் லோர்னின் சில்லும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டின. அலனின் வண்டி ஒருபக்கம் தூக்கி, அவர் பறந்துபோய் மண்ணில் விழுந்தார். பின்னால் வந்த இரண்டு குதிரைகள் அவரை மிதிக்காமல் போனது சாரதிகளின் கெட்டித்தனம். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். எந்தச் சத்தமும் இல்லை. தலைமை நடுவர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அலனுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. குதிரைக்கு முழங்கால்களில் சிராய்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெக்ஸ்டேலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு முழுவதையும் சொன்னேன். அவர் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பந்தயத்தில் ஒரு அக்கறையும் கிடையாது.

"அப்ப மற்றச் சாரதிமாருக்கு உது தெரியும்?" என்று கேட்டார்.

"ஓம். அதுதான் இரண்டு தரம் கூப்பிடுறவை."

"அவையளுக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை.

"இஞ்சருங்கோ, பார்த்துச் செய்யுங்கோ," என்றார் மனைவி. "அந்தாள் ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். நீங்கள் போய்ப் பட்டெண்டு போட்டு உடைக்காதையுங்கோ."

செவ்வாய்க்கிழமைக் காலை விசாரணை. அலன் கையைத் துணியில் தொங்கவிட்டபடி வந்தார். முகம் வெள்ளைவெளேரென்று இருந்தது. வலியாலா கோபத்தாலா என்று தெரியவில்லை.

"நான் கத்தினனான்," என்றார். "நல்லாக் கத்தினனான். இந்தாள் திரும்பிக் கூடப் பார்க்கேல்லை. வேணுமெண்டு எனக்கு முன்னால வந்தவர். நான் புது ஆள் எண்டதால."

வேண்டுமென்று செய்தார் என்றால் அது கவனயீனம் அல்ல. அதற்குரிய தண்டனையே வேறு. லோர்னின் லைசென்ஸ் ஒரேயடியாகப் போகக்கூடிய குற்றம். நாங்கள் லோர்னைப் பார்த்தோம். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "என்ர பிழைதான்," என்றார்.

அந்த ஓட்டத்தில் பக்கத்தில் ஓடிய நாலு சாரதிகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே மாதிரிச் சொன்னார்கள். அலன் கத்தவே இல்லை. ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் கொடுக்காமல் பக்கத்தில் ஏறி வந்தது அவருடைய பிழை.

இரண்டாவது நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். நாலு பேரின் வாக்குமூலம் ஒரு பக்கம். இரண்டு கிழமைக்கு முன் வந்த ஒரு அந்நியனின் வார்த்தை மறுபக்கம். இந்த நிலையில் காறை எலும்பு முறிந்தவரே குற்றவாளியாகப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. அலனுக்கும் விளங்கிவிட்டது. அவர் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் ஏன் இப்பிடிச் சொல்லுறியள்?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் போய்விட்டிருந்தது. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

அந்த நாலு பேரும் கெட்டவர்கள் இல்லை. இதை நீங்கள் மறக்கக்கூடாது. சனிக்கிழமை அலனை மிதிக்காமல் தங்கள் குதிரைகளை விலக்கியவர்கள் அவர்களில் இரண்டு பேர்தான். பல வருடமாகத் தங்களோடு ஓடுகிற ஒருவரைக் காப்பாற்ற நினைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் கிடைத்த ஆளைக் குழிக்குள் தள்ளினார்கள்.

"ரேப்பைப் போடட்டோ?" என்று கேட்டேன். தலைமை நடுவர் தலையசைத்தார்.

எல்லாரையும் அறைக்குள் வைத்துக்கொண்டே போட்டேன். மோதலுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மெல்ல மெல்ல நகர்த்தினேன். முன்னால் ஓடிய சாரதி, பெரிய மீசைக்காரர், சாட்சிகளில் முதலில் பேசியவர், படத்தில் வந்தார். அவருடைய நாடி வலப்பக்கம் திரும்பியது. நிறுத்தினேன்.

"இது நீங்கள்தானே?"

"ஓம்."

"அலன் உங்களுக்குப் பின்னால. முதுகில உங்களுக்குக் கண் இல்லை. சரியா இந்தக் கணத்தில ஏன் வலப்பக்கம் திரும்பினீங்கள்?"

மீசைக்காரர் திரையைப் பார்த்தபடி நின்றார். நான் இன்னும் சற்று நகர்த்தினேன். பின்னால் வந்தவர்களின் தலைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. சாட்சிகள் நாலு பேரும் தங்கள் தங்கள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அடுத்ததைக் கேட்டிருப்பேன். நாலாவது ஓட்டத்தில் ஏன் ஒரு பெயரை மட்டும் இரண்டு தரம் கூப்பிட்டீர்கள் என்று. வாய் திறந்தபோது மனைவி சொன்னது ஞாபகம் வந்து, ஒரு கணம் பொறுத்தேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

லோர்ன் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். குனிந்து தன்னுடைய உருவத்தைப் பார்த்தார். சுற்றியுள்ள எல்லாத் தலையும் திரும்பியிருக்க, நேரே பார்த்தபடி இருக்கும் அந்த ஒரு தலையை.

"பொடியன் கத்தியிருக்கிறான்," என்றார். "எல்லாருக்கும் கேட்டிருக்கு." பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு இந்தப் பக்கம் கேக்காது. நாலு வருசம் முந்தி ஒரு காய்ச்சல் வந்தது. அதோட போச்சுது."

தலைமை நடுவர் கேட்டார், குரலை நன்றாக இறக்கி. "அப்ப வெளியில வரமுந்தித் திரும்பிப் பார்த்திருக்கலாமே, லோர்ன்?"

"திரும்பிப் பார்த்தால் கண்டுபிடிச்சிடுவினம். எல்லாரும் காதாலதான் ஓட்டுறவை. முழுக்கத் திரும்பிப் பார்க்கிறவன் ஒண்டில் புது ஆள், இல்லாட்டிச் செவிடன். எனக்குக் கேக்காது எண்டு இவைக்குத் தெரியக்கூடாது எண்டுதான்..."

"எங்களுக்குத் தெரியும், லோர்ன்," என்றார் மீசைக்காரர்.

லோர்ன் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மீசைக்காரர் அவருக்கு வலப்பக்கத்தில் நின்றிருந்தார். அது அவருக்கே உறைத்து, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து திரும்பச் சொன்னார். "எங்கள் எல்லாருக்கும் தெரியும். எப்பவோ தெரியும். அதுதான் உன்ர பேரை இரண்டு தரம் கூப்பிடுறனாங்கள். தண்டில தட்டுறனாங்கள். புது ஆக்களுக்கும் சொல்லி வைக்கிறனாங்கள்." அவர் அலனைப் பார்த்தார். "இவனுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை."

லோர்ன் நாலு பேரையும் பார்த்தார். கோபமா நன்றியா வெட்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பார்வை. பிறகு அலனிடம் போனார். "உன்ர கைக்கு நான்தான் பொறுப்பு," என்றார். அலன் அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இரண்டாவது நடுவர் விதிப்புத்தகத்தை மூடிவிட்டார். "காது கேக்காத மனுசனைக் கவனயீனமா ஓட்டினவர் எண்டு எழுதலாமோ? இதில அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார். அவர் புத்தகத்தில் இல்லை என்று சொன்னதை அன்றுதான் முதல் தரம் கேட்டேன்.

என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன்: "கேக்காதது அவற்ற பிழை இல்லை. கேக்காது எண்டு தெரிஞ்சும் பார்க்காமல் வந்தது பிழை. அந்த நேரம் அவற்ற கவனம் முழுக்கத் தன்ர செவிட்டை மறைக்கிறதில இருந்திருக்கு. குதிரையில இல்லை."

தலைமை நடுவர் பேனையை எடுத்தார். "எழுதுவம்," என்றார். கவனயீனம் என்றே எழுதினோம். காது வைத்தியர் சம்மதிக்கும்வரை லோர்ன் வண்டியில் ஏறக்கூடாது. நாலு சாட்சிகளும் எங்களுக்குப் பொய் சொன்னதற்காகச் சில நாட்கள் ஓட்டக்கூடாது. அலன் மேல் ஒரு பிழையும் இல்லை. எழுதி முடித்தபிறகு அவர் பேனையை மூடாமல் வைத்திருந்தார். "மூண்டு தரம் இந்த மனுசன் எங்களுக்கு முன்னால வந்து இருந்தவர். இரண்டு நிமிசத்தில முடிச்சு அனுப்பினனாங்கள். கெதியா முடிஞ்சுது எண்டு எனக்குச் சந்தோசம். ஏன் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். சனிக்கிழமை நீ சொன்னதையும் கேட்டிருக்கலாம்." கேள்வி கேட்பதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் அவர் ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்களைச் சொன்னார். எனக்குத் தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு எங்கள் மாடத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு பந்தய நாளும் மூன்று பேரில் ஒருவர், ஒரு ஓட்டத்துக்காவது, கீழே போய் உள்வேலியில் நிற்பது. குளிரில் இரண்டாவது நடுவர் முணுமுணுப்பார், ஆனாலும் போவார். நீங்கள் இப்போது எத்தனையோ கோணத்தில் படம் பார்க்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் போய் நின்று பாருங்கள். விசாரணைக்கு வருகிறவர் தன் பிழைதான் என்று உடனே சொல்லிவிட்டால், அவரைக் கெதியாக அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கணத்தில் உங்கள் கவனம் எதில் இருந்தது என்று கேளுங்கள். கவனம் எங்கேயும் இல்லாத மனிதரை நான் இத்தனை வருடத்தில் சந்தித்ததில்லை. அது எங்கேயோ இருக்கும். அது எங்கே என்று தெரிந்தால்தான், தண்டனையால் அதைத் திருப்ப முடியுமா முடியாதா என்று சொல்லலாம். லோர்னுக்கு நாங்கள் போட்ட அபராதங்கள் ஒளிப்பதில் அவரை இன்னும் கெட்டிக்காரராக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

காது வைத்தியர் கையை விரித்துவிட்டார். லோர்ன் திரும்ப ஓட்டவேயில்லை. குதிரைகளைப் பழக்கும் லைசென்ஸ் மட்டும் அவரிடம் இருந்தது. அலனுக்கு எலும்பு பொருந்தியதும் இன்னொரு சிக்கல் வந்தது. அவரால்தான் நாலு பேர் தண்டனை வாங்கினார்கள் என்று கதை பரவி, யாரும் அவருக்குக் குதிரை கொடுக்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டினார் என்றுகூடக் கேள்விப்பட்டோம். பிறகு ஒரு சனிக்கிழமை ஓட்டப் பட்டியலில் லோர்னின் குதிரைக்கு நேரே அலனின் பெயரைக் கண்டபோது, மாடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எப்படி நடந்தது என்று பிறகு அலனிடம் கேட்டேன். லோர்ன் அவர் இருந்த வாடகை அறைக்கே தேடிப் போனாராம். "மன்னிப்புக் கேக்க வந்தவர் எண்டு நினைச்சன்," என்றார் அலன். "மன்னிப்பு ஒண்டும் கேக்கேல்லை. என்ர குதிரைக்கு வாய் மெல்லிசு, வாரை இழுக்காமல் ஓட்டுவியோ எண்டு கேட்டார். ஓம் எண்டன்."

அந்தக் கூட்டு நன்றாகவே போனது. ஆனால் அடுத்த கோடையில் அலனும் எங்கள் முன்னால் வந்து நின்றார். கடைசி நேர்பாதையில் நல்ல இடத்தில் வந்துகொண்டிருந்தவர் காரணமில்லாமல் ஒரு குதிரை அகலத்துக்கு விலகி, பக்கத்தில் வந்தவரைத் தடுத்துவிட்டார். ரேப்பில் தெளிவாகத் தெரிந்தது. அவருடைய தலை முழுக்க வேலிப் பக்கம் திரும்பியிருந்தது.

"அந்தக் கணம் உன்ர கவனம் எதில இருந்தது?" என்று தலைமை நடுவர் கேட்டார்.

அலன் நெளிந்தார். சொல்லலாமா என்று யோசித்தார். "லோர்ன் வேலியோரம் நிண்டு கத்தினவர், சேர். வாரை விடு, வாரை விடு எண்டு. அவருக்குத் தான் எவ்வளவு சத்தமாக் கத்துறன் எண்டு தெரியாது. திடல் முழுக்கக் கேட்டுது. நான் திரும்பிப் பார்த்திட்டன்."

இரண்டாவது நடுவர் தன்னையறியாமல் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். வேலியோரம் நின்று கத்துகிறவருக்கு அதில் ஒரு தண்டனையும் இல்லை. அலனுக்கு அபராதம் போட்டோம். லோர்னுக்குத் தலைமை நடுவர் ஆளிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். ஓட்டம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கும்படி. செய்தி கொண்டு போனவர் திரும்பி வந்து, லோர்ன் வெகு மரியாதையாகத் தலையாட்டினார், ஆனால் அவருக்கு எந்தப் பக்கத்தில் நின்று சொன்னது என்பதுதான் தனக்கு ஞாபகம் வரவில்லை என்றார்.